ரிலீவர் வரும் வரை

1

தேன்மொழிக்கும் அருளுக்கும் அப்பா எழுதுவது.

போன செவ்வாய்க்கிழமையோடு நான் மஸ்கட் வந்து நாலு வருஷம் முடிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்று இரவு மெஸ்ஸில் சேமியா பாயசம் இருந்தது. பஷீர் பாய் என் தம்ளரில் ஊற்றும்போது, "நாலு வருஷம் ஆச்சு மாமே. இன்னும் உனக்கு ஒழுங்கா தூங்கத் தெரியல" என்றார். அதுதான் வாழ்த்து.

பஷீர் பாயை உங்களுக்குப் போனில் தெரியும். நம் பக்கத்து ஆள்தான், பூந்தமல்லி. இங்கே தொழிலாளர் கேம்பில் சமையல் அவர் பொறுப்பு. என் அறையில் என் பக்கத்துக் கட்டில். படுத்த இரண்டாவது நிமிஷம் குறட்டை விடக்கூடிய புண்ணியவான்.

மூன்று மாதத்துக்கு முன்னால் நம் வீட்டில் ஒரு வாரம் பெரிய கலவரம் நடந்ததே, அதில் உங்களுக்கு ஒரு துண்டு தெரியும், அம்மாவுக்கு ஒரு துண்டு, பாய்க்கு ஒரு துண்டு. முழுசாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால் எழுதி வைக்கிறேன். நான் பத்தாவதும் ஐ.டி.ஐ.யும் படித்தவன். பிழை இருந்தால் தேன்மொழி திருத்திக்கொள். அருள், உனக்குத் தமிழ் படிக்க அலுப்பு என்று எனக்குத் தெரியும். அக்காவைப் படிக்கச் சொல்லிக் கேள். கேட்காமலே கட்டைவிரல் படம் அனுப்பிவிடாதே.

2

என் நாள் இங்கே எப்படிப் போகிறது என்று நீங்கள் கேட்டதில்லை. கேட்டாலும் நான் "நல்லா போகுது" என்றுதான் சொல்லியிருப்பேன்.

காலை ஐந்து மணிக்கு எழுந்து வரிசையில் நின்று குளிக்க வேண்டும். ஆறு மணிக்குப் பஸ். ஏழிலிருந்து ஆறு வரை பட்டறை. பழுதான பம்புகள் வரும், அதில் தேய்ந்துபோன ஷாஃப்டைக் கழற்றிப் புதுசாகக் கடைவது என் வேலை. லேத்தில் இரும்பு சுற்றும், நான் உளியை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுவேன். முடி அளவு கூடினாலும் குறைந்தாலும் பம்பு ஓடாது. மாலையில் கேம்ப், துணி, சாப்பாடு. எட்டு மணிக்கு உங்களோடு போன். ஒன்பதரைக்கு விளக்கு அணைப்பார்கள். அதற்கப்புறம்தான் என்னுடைய இன்னொரு நாள் தொடங்கும்.

தூக்கம் வராத நோய் மஸ்கட்டில் வந்தது என்று உங்கள் அம்மா நினைக்கிறாள். அது அம்பத்தூர் எஸ்டேட்டிலேயே வந்தது. அங்கே பதினாலு வருஷம் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டினேன். வாரம் ஒரு ஷிப்ட் மாறும். மூன்றாம் ஷிப்ட் வாரத்தில் ராத்திரி பதினொன்றுக்கு ஏறினால் காலை ஏழுக்கு இறங்க வேண்டும். ஆனால் மணி ஏழு அடித்ததும் இறங்கிவிட முடியாது. அடுத்த ஷிப்ட்காரன் வந்து, மிஷின் முன்னால் நின்று, புக்கைப் படித்துக் கையெழுத்துப் போட்டபிறகுதான் இறங்கலாம். அவனுக்குப் பெயர் ரிலீவர். ரிலீவர் வராவிட்டால் நீ மிஷினோடுதான் இருக்க வேண்டும், உன் வீட்டில் கல்யாணமே நடந்தாலும்.

என் ரிலீவர் தாமஸ் அண்ணன். ஆவடியிலிருந்து சைக்கிளில் வருவார்.

அந்தப் புக்கில் மிஷின் எப்படி இருக்கிறது என்று எழுத வேண்டும். எண்ணெய் குறைகிறது, பெல்ட் தளர்ந்திருக்கிறது, இப்படி. ஒரு ராத்திரி நல்ல மழை. தகரக் கூரைமேல் ஒரே இரைச்சல். விடியற்காலையில் நான் என்ன நினைத்தேனோ, "மழை. மிஷின் சத்தம் எனக்கே கேட்கவில்லை. பெல்ட் பரவாயில்லை" என்று எழுதிவிட்டேன். மறுநாள் பார்த்தால் அதன் கீழே தாமஸ் அண்ணன் எழுத்து: "மழை விட்டது. சத்தம் திரும்பி வந்தது. பெல்ட் மாற்றினேன்."

நான் எழுதியதற்கு ஒரு மனுஷன் பதில் எழுதியது அதுதான் முதல் தடவை. பள்ளிக்கூடத்தில்கூட சரி, தப்பு என்றுதான் போடுவார்கள். அதற்குப் பிறகு தினம் ஒரு வரி எழுதினேன். என் கவிதை தொடங்கிய இடம் அந்த எண்ணெய்க் கறை பிடித்த புக்.

அப்போது கோவில்பதாகையில் ஒரே அறை வாடகை வீடு. தேன்மொழி, நீ தவழ்ந்துகொண்டிருந்தாய். மூன்றாம் ஷிப்ட் வாரத்தில் உங்கள் அம்மா குக்கரே வைக்கமாட்டாள், விசில் சத்தத்தில் நான் எழுந்துவிடுவேன் என்று. பானையில் சோறு வடிப்பாள். உன்னைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்வாள், நீ அழுதுவிடக்கூடாதே என்று. நான் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பேன். தூக்கம் வராது. ஆனால் அவள் இவ்வளவு பாடுபட்டு வைத்திருக்கிற அமைதியை வீணாக்க மனசு வராமல், தூங்குகிற மாதிரி மூச்சு விடுவேன். மத்தியானம் அவள் மெதுவாக வந்து, "நல்லா தூங்குனியாயா?" என்பாள். "அடிச்சுப் போட்ட மாதிரி" என்பேன்.

என் பொய் அங்கேதான் தொடங்கியது.

3

தூக்கம் வராத ராத்திரியில் மூன்று மணி நேரம் உண்டு. மூன்றும் ஒன்று போல இருக்காது. யாராவது தூங்காதவர்கள் இதைப் படித்தால் சரி என்று சொல்வார்கள்.

முதல் மணி நேரம் கவலை. திருநின்றவூரில் கட்டிய நம் வீட்டில் மொட்டைமாடித் தண்ணீர் எங்கே இறங்குகிறது, அருள் கணக்கில் ஏன் பின்தங்குகிறான், அம்மா வேலைக்குப் போகிற கம்பெனி வண்டி மழையில் வந்ததா. இதில் எழுத ஒன்றும் கிடைக்காது. கவலைக்கு ஒரே பாட்டுதான், திரும்பத் திரும்பப் பாடும்.

இரண்டாம் மணி நேரம் சண்டை. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒருத்தர் சொன்ன சொல்லுக்கு இப்போது சரியான பதில் வரும். படுத்தபடியே எல்லாச் சண்டையிலும் ஜெயிப்பேன். இதிலும் கவிதை கிடையாது. ஜெயித்தவனுக்கு எழுத என்ன இருக்கிறது?

மூன்றாம் மணி நேரத்தில் இரண்டும் களைத்துப்போய்விடும். அப்போது சின்னச் சின்னப் பொருள்கள் தானாக வந்து நிற்கும். கோவில்பதாகை வீட்டில் கைப்பிடி உடைந்த பச்சை மக்கு. தேன்மொழியின் ஒற்றைக் கொலுசு. ஆவடி ஸ்டேஷன் மேம்பாலத்தில் மல்லாட்டை விற்கிறவர் மடிக்கிற காகிதக் கூம்பு. ஏன் வருகிறது, எதற்கு வருகிறது என்று தெரியாது. நான் அசையாமல் இருந்தால் அதன் பின்னாலேயே ஒரு வரி வரும். அசைந்தால் போய்விடும். பகலில் அதே மக்கை நினைத்துப் பார்த்திருக்கிறேன். மக்கு மட்டும் வரும், வரி வராது.

விளக்குப் போட முடியாது, அறையில் ஆறு பேர். அதனால் போர்வைக்குள் தலையை விட்டு, போனில் மெல்லிய குரலில் சொல்லிப் பதிவு செய்வேன். அதைச் சேர்த்துவைக்க வாட்ஸப்பில் நான் ஒருவனே இருக்கிற குழு ஒன்று வைத்திருந்தேன். பெயர் 'குறிப்பு'. அதற்கு முகப்புப் படமாக நம் திருநின்றவூர் வீட்டுப் படத்தைப் போட்டிருந்தேன்.

நம் குடும்பக் குழுவுக்கும் உங்கள் அம்மா அதே படத்தைத்தான் வைத்திருந்தாள். எங்கள் இருவரிடமும் இருப்பது அந்த ஒரு வீடுதானே, வேறு எந்தப் படத்தை வைப்போம்?

கலவரம் தொடங்கிய அந்த ஞாயிற்றுக்கிழமை, ராத்திரி இரண்டு மணி தாண்டியிருக்கும். கண் எரிகிறது. ஒரு வீட்டுப் படத்தைத் தொட்டேன், சொன்னேன், அனுப்பினேன். தப்பான வீடு. குடும்பக் குழுவுக்குப் போய்விட்டது.

நான் சொன்னது இது.

பதினோரு ராத்திரி ஆச்சு.
தூக்கம் பக்கத்துக் கட்டில் வரைக்கும் வருது,
அங்கேயே படுத்துக்குது.
ஏசி ஓடுற சத்தத்துல
எங்க வீட்டுத் தண்ணி மோட்டார் சத்தம் கேக்குது.
தொட்டி நிரம்பிடுச்சு, நிறுத்தணும்னு
காலைக் கீழ வெச்சா
தரை வேற ஊரு.
நான் கட்டின வீட்டுல
நான் ஒரு நாளும் தூங்கல.
வாசக்காலுக்கு என் உயரம் தெரியாது.
நாளைக்கு மிஷின்ல கை போனாக்கூட
வலிக்குமான்னு தெரியல.
அவ்வளவு அசதி.

போன தடவை லீவில் வந்தபோது வீடு கூரை மட்டத்தில் நின்றது, அது உங்களுக்குத் தெரியும். கிரகப்பிரவேசத்தைப் போனில்தான் பார்த்தேன்.

சொல்லி முடித்ததும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கினது போல இருந்தது. போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தேன். பதினோரு ராத்திரி வராத தூக்கம் அப்போதே வந்துவிட்டது.

4

இங்கே மூன்றரை மணி என்றால் உங்களுக்கு ஐந்து மணி. அம்மா எழுந்து போனைப் பார்த்திருக்கிறாள். எனக்குப் பதினாலு தடவை அடித்திருக்கிறாள். நான் கல் மாதிரிக் கிடந்தேன். அடுத்து பஷீர் பாய்க்கு அடித்தாள். அவர் அந்த நேரத்தில் சப்பாத்தி மாவு பிசைகிறவர். மாவுக் கையோடு ஓடிவந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"யோவ் முருகேசா! எந்திரி! உசுரோட கீறியா இல்லியா?"

"இன்னா பாய்... இப்பதான்யா கண்ணு அசந்துச்சு."

"அசந்துச்சா? அங்க உன் ஊட்ல ஒப்பாரி வெச்சுகினு கீறாங்க. நீ பாட்டுக்கு அசந்துகினு கீற! இந்தா, பேசு."

போனில் உங்கள் அம்மா.

"இன்னாயா அது? கை போனாக்கூட வலிக்காதுன்ற. இன்னா பண்ணிக்கப் போற நீ?"

"ஒண்ணுமில்ல செல்வி. அது கவிதை. தெரியாம அங்க வந்துடுச்சு."

"கவிதையா? சரி. பதினோரு நாளா தூங்கலன்னியே, அது?"

"அது... நெசம்தான்."

"நேத்து ராத்திரி போன் பண்ணி, நல்லா தூங்குறேன், நல்லா துன்றேன்னியே, அது?"

நான் தோளில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்தேன்.

"இன்னாயா, வாயடைச்சுப் போச்சா? ஊர் உலகத்துல கவித சொல்றவன் பொய் சொல்லுவான், போன்ல பேசுறவன் நெசம் சொல்லுவான். எங்க ஊட்டுக்காரரு மட்டும் தலகீழா கீறாரு!"

அழுதுகொண்டே சொன்னாள். ஆனாலும் அவள் மாதிரி பொறுக்கி எடுத்துச் சொல்ல எனக்கு இன்றைக்கு வரைக்கும் வரவில்லை.

அதோடு நிற்கவில்லை. உங்கள் குமார் மாமா, என்னை அனுப்பிய ஏஜெண்டுக்கு அடித்திருக்கிறார். ஏஜெண்டு கம்பெனிக்கு அடித்திருக்கிறார். பத்து மணிக்கு லேத்தில் நிற்கும்போது ஆபீசிலிருந்து ஆள் வந்தது. தூக்கம் கெட்டவன் மிஷினைத் தொடக்கூடாது, டாக்டர் சீட்டு கொண்டு வா என்றார்கள். நாலு வருஷத்தில் முதல் தடவையாக வேலை நேரத்தில் சும்மா நின்றேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

சீட்டு வாங்க முதலில் ஒரு ஃபாரம். ஆபீஸ் கிளார்க் கேரளத்துப் பையன்.

"காரணம் என்ன எழுதட்டும் சேட்டா? காரணம் இல்லாம ஃபாரம் நீங்காது."

"வீட்டு நினைப்பு."

"அதுக்குக் கட்டம் இல்லல்லோ."

ஃபாரத்தில் நாலே கட்டம். காயம், காய்ச்சல், பல், மற்றவை. அவன் 'மற்றவை'யில் ஒரு டிக் போட்டான். நான் அந்தச் சின்னக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோவில்பதாகை, அம்பத்தூர், உங்கள் அம்மா, நீங்கள் இரண்டு பேர் எல்லோரும் அதற்குள்தான் இருந்தீர்கள்.

டாக்டர் சூடான் நாட்டுக்காரர், வயசானவர். என் இங்கிலீஷ் உங்களுக்குத் தெரியும். "நோ ஸ்லீப் டாக்டர். லெவன் நைட். ரைட்டிங், ரைட்டிங்" என்றேன். என்ன ரைட்டிங் என்றார். போயம் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, சொல்லு என்று கையைக் காட்டினார். எனக்கு வெட்கம். இருந்தாலும் தமிழிலேயே சொன்னேன், 'தரை வேற ஊரு' வரைக்கும். முழுசாகக் கேட்டார். பிறகு தன் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு வளையத்தைத் தொட்டுக் காட்டி, "மீ ஆல்சோ. நைட்" என்றார். அப்புறம் பிரஷர் பார்த்தார். சரியாக இருந்தது. மாத்திரை எழுதினார். ஆறு வாரம் மிஷின் கூடாது, உட்கார்ந்த வேலை மட்டும் என்று சீட்டில் போட்டார்.

அன்று ராத்திரி படுக்கும்போது காலில் என்னவோ சுருக்கென்று இழுத்தது. பார்த்தால் என் கணுக்காலில் சணல் கயிறு. மறு முனை பஷீர் பாய் மணிக்கட்டில்.

"இன்னா பாய் இது? நான் இன்னா ஆட்டுக்குட்டியா?"

"உன் ஊட்டம்மாக்கு வாக்கு குட்துகீறேன். நீ எழுந்தா நான் எழுந்துக்கணும். சும்மா படு."

அப்புறம்தான் வேடிக்கை. மாத்திரை போட்டு நான் தூங்கிவிட்டேன். கயிறு எப்போது இழுக்குமோ என்று பயந்து அவர் ராத்திரி முழுக்க விழித்திருந்தார். காலையில் எல்லோர் சப்பாத்தியும் கருகிப்போயிருந்தது.

5

இனிமேல் எழுதுவது உனக்கு, தேன்மொழி. அருளும் கேட்கட்டும்.

புதன்கிழமை நீ தனியாக என்னைக் கூப்பிட்டாய். எப்போதும் அம்மா பேசி முடித்தபிறகு இரண்டு வார்த்தை பேசுகிறவள். 'ஹாய்பா, ஓகேபா, பைபா' அவ்வளவுதான் நமக்குள் இரண்டு வருஷமாக. அன்று நீயே கூப்பிட்டாய். சந்தோஷமாக எடுத்தேன்.

"அப்பா, நான் நர்சிங் சேரலை."

"இன்னாம்மா? வெள்ளிக்கிழமை கடைசி நாள்ன்னியே?"

"தெரியும். அம்மா கம்பெனில செக்கிங்குக்கு ஆள் எடுக்குறாங்க. பேர் குடுத்துட்டேன். நீ கிளம்பி வந்துடு."

"தேனு, உனக்கு எத்தினி நாள் ஆசை அது..."

"உன் கை போறதுக்கு நான் படிக்கணுமா?"

"அதெல்லாம் ஒண்ணும் போவாதும்மா. டாக்டர் பார்த்துட்டார். நான் நல்லாதான் இருக்கேன்."

நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பைக் கேட்கும்போது உனக்குப் பதினெட்டு வயசு மாதிரி இல்லை.

"நாலு வருஷமா இதைத்தானேப்பா சொல்ற? இனிமே நீ நல்லாயிருக்கேன்னு சொன்னா நான் நம்பணுமா? எது சொன்னாலும் நம்ப மாட்டேன்." வைத்துவிட்டாய்.

உன்னைத் திட்டலாம். கெஞ்சலாம். ஆனால் என்ன சொன்னாலும் அது பொய்க் கணக்கில்தான் சேரும். உண்மையிலேயே நான் தாங்குவேன், உன் படிப்பு முடியும் வரை, இன்னும் மூன்று வருஷம், இங்கே இருக்க என்னால் முடியும். அதைச் சொல்ல என்னிடம் சொல் இல்லை. இருந்த சொல்லை எல்லாம் 'நல்லாயிருக்கேன்' என்று நாலு வருஷமாகத் தேய்த்துத் தீர்த்துவிட்டேன்.

அன்று மாத்திரை போடவில்லை. படுத்திருந்தேன். முதல் மணி நேரம் கவலை, இரண்டாம் மணி நேரம் சண்டை, அதுவும் என்னோடேயே. மூன்றாம் மணி நேரத்தில் பொருள்களுக்குப் பதில் தாமஸ் அண்ணன் வந்து நின்றார்.

இதை உங்கள் அம்மாவிடம்கூட நான் முழுசாகச் சொன்னதில்லை. எஸ்டேட்டில் ஒரு தடவை, இரும்பைப் பிடிக்கிற சக்கில் ஒரு தாடை லேசாக நழுவியது. எனக்குத் தெரியும். விடியற்காலை, பகல் எல்லாம் தூங்காதவன், கண் சொருகுகிறது. நழுவுகிறது என்று எழுதினால் ஃபோர்மேன் வந்து கேட்பார், அரை மணி நேரம் நிற்க வேண்டும். 'எல்லாம் சரி' என்று எழுதிவிட்டு இறங்கிவிட்டேன். தாமஸ் அண்ணன் படித்தார், நம்பினார், கையெழுத்துப் போட்டார். ஒரு மணி நேரத்தில் இரும்பு பிடி விட்டுப் பறந்து அவருடைய வலது கையில் இரண்டு விரல் நசுங்கியது.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போட்ட கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, திட்டாமல், நிஜமாகவே புரியாதவர் மாதிரி என்னைக் கேட்டார்: "சரின்னு எழுதியிருந்தியேடா?"

அப்புறம் அந்தப் புக்கில் அவருடைய எழுத்து வரவே இல்லை. வேறு மிஷினுக்கு மாற்றிவிட்டார்கள்.

அன்றிலிருந்து எந்த மிஷின் புக்கிலும் நான் பொய் எழுதியதில்லை. இங்கேயும். வீட்டுக்கு மட்டும் தினம் எட்டு மணிக்கு 'எல்லாம் சரி' என்று எழுதிவிட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். அடுத்த ஷிப்டில் நிற்கப்போவது யார் என்று யோசிக்கவே இல்லை.

எழுந்து மெஸ்ஸுக்குப் போனேன். பாய் அன்றைக்குக் கயிறு கட்டவில்லை, சப்பாத்திக்குப் பயந்து. அங்கே விளக்கடியில் உட்கார்ந்து எழுதி, உனக்குப் பேசி அனுப்பினேன். நீ அதை அழித்திருக்கலாம். என் தாளில் இருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

மிஷின்: முருகேசன், நாற்பத்தாறு வருஷம் ஓடியது.
தூக்கம்: ராத்திரிக்கு இரண்டரை மணி நேரம். ஞாயிறு வரை பதினோரு நாள் அதுவும் இல்லை. மாத்திரை போட்டால் வருகிறது.
இடது முட்டி: படி ஏறினால் சத்தம் வரும்.
கண்: கிட்டத்தில் மங்கல். கண்ணாடி போடவில்லை.
பிரஷர்: பார்த்தாச்சு. சரி.
மனசு: வெள்ளிக்கிழமை லீவு, அன்று சாயங்காலம் மோசம். மற்ற நாள் தாங்கும்.
சிரிப்பு: பஷீர் பாய் பக்கத்தில் இருந்தால் உண்டு.
எச்சரிக்கை: வீட்டில் கேட்டால் பொய் சொல்லும். திருத்திக்கொண்டு வருகிறது.
நிறுத்த வேண்டியதில்லை. மூன்று வருஷம் ஓடும். ரிலீவர் படித்து முடித்து வரட்டும்.

கடைசியில் தாமஸ் அண்ணனைப் பற்றியும் சொன்னேன்.

ஐந்தரைக்கு நீ கூப்பிட்டாய். முதலில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும்.

"இதுவும் கவிதையாப்பா?"

"இல்லம்மா. இது புக்கு."

பிறகு கேட்டாய், "கண்ணாடி ஏன் போடலை?"

"சோம்பல்தான்."

"அப்பா."

"...கண்ணாடி போட்டா வயசாயிடுச்சுன்னு மிஷினை விட்டு எடுத்துடுவாங்களோன்னு பயம்."

"இப்பதான் எடுத்துட்டாங்களே."

"ஆமாம்."

"அப்ப போடு. போட்டுட்டு போட்டோ அனுப்பு. பார்த்தாதான் நான் கையெழுத்துப் போடுவேன்."

நல்ல ரிலீவர் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடமாட்டான். கேள்வி கேட்டால் புக்கைப் படித்திருக்கிறான் என்று அர்த்தம். இதை நான் உனக்குச் சொல்லித்தரவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் பாயைக் கூட்டிக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போனேன். "இன்னா மாமே, வாத்தியார் கணக்கா கீற" என்றார். அந்தப் போட்டோவில் நான் முறைக்கிற மாதிரி இருப்பதற்கு அவர்தான் காரணம். எதிரே நின்று பழிப்புக் காட்டினார், நான் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் உன் படம் வந்தது. கல்லூரியில் சேர்ந்த தாள், அதில் உன் கையெழுத்து. புதுக் கண்ணாடியில் உன் பெயரின் ஒவ்வொரு எழுத்தும் தெரிந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமை சாயங்காலமும் எனக்கு மோசம் என்று எழுதியிருந்தேன். அந்த வெள்ளிக்கிழமை இல்லை.

6

ஆறு வாரம் உட்கார்ந்த வேலை. மற்றவர்கள் கடைந்து தருவதை அளந்து பார்ப்பது. மாத்திரை சாப்பிட்ட நாட்களில் நன்றாகத் தூங்கினேன். ஒரு வரியும் வரவில்லை. உடம்புக்குச் சந்தோஷம், எனக்குக் கொஞ்சம் வருத்தம். இரண்டும் நிஜம், இரண்டையும் எழுதுகிறேன். மாத்திரை முடிந்தபிறகு தூக்கம் பழையபடி கெடவில்லை, முழுசாகவும் வரவில்லை. வாரத்தில் நாலு நாள் மூன்றாம் மணி நேரத்தைப் பார்க்கிறேன். இப்போது மறுபடி மிஷினில் நிற்கிறேன், கண்ணாடியோடு.

'குறிப்பு' குழுவில் இப்போது நாம் நாலு பேர். நான் ராத்திரி சொல்வதை அம்மா விடிந்ததும் கேட்டு உடனே பதில் அனுப்புகிறாள். "மோட்டார் சத்தம் கேக்குதுன்னு சொல்றியே, மோட்டார் ரிப்பேராகி நாலு நாளாவுது. இங்கயே சத்தம் இல்ல. உனக்கு எங்கேந்து கேக்குது?"

அருள், நீ எதற்கும் கட்டைவிரல்தான் போடுகிறாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் ஒரு நாள் உன்னிடமிருந்து ஒரு ஒலிப்பதிவு வந்தது. நாற்பது விநாடி. பேச்சே இல்லை. முதலில் ஒரு சுவிட்ச் சத்தம். அப்புறம் நம் வீட்டு மோட்டார் ஓடுகிற சத்தம். கடைசியில் தொட்டி நிரம்பித் தண்ணீர் வழிகிறது, தூரத்தில் அம்மா, "டேய், நிறுத்துடா" என்று கத்துகிறாள். அதற்கு நான் பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. எத்தனை தடவை கேட்டேன் என்று பஷீர் பாயைக் கேள். அவருக்கே மனப்பாடம்.

தேன்மொழி, உன் வேலையிலும் ஒரு ஷிப்ட் போகும்போது அடுத்த ஷிப்டுக்கு எழுதி வைக்கிற புக் உண்டாமே, அம்மா சொன்னாள். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. உனக்குத் தெரியும்.

நேற்று நடந்ததை எழுதி முடிக்கிறேன். கல்லூரிக்கு ஆறு மணி டிரெயினைப் பிடிக்க நீ நாலரைக்கு எழுந்துவிடுகிறாய். இங்கே அப்போது மூன்று மணி. நேற்று ராத்திரி நான் ஒரு வரியும் கிடைக்காமல் புரண்டுகொண்டிருந்தேன். மாடித் தண்ணீர், அம்மாவின் வண்டி, உன் டிரெயின், மறுபடி மாடித் தண்ணீர். எல்லாவற்றையும் இங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன், கண்ணை மூடினால் ஏதோ ஒன்று விழுந்துவிடும் போல.

போன் வெளிச்சம் வந்தது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். நீ எழுதியிருந்தாய்:

"ரிலீவர் வந்தாச்சுப்பா. புக்கைப் படிச்சிட்டேன். நீ இறங்கிக்கோ."

கண்ணாடியைக் கழற்றி மடித்து, தலைமாட்டில் வைத்தேன்.